ஏப்ரல் வரை

அக்டோபர் 18, புதன்கிழமை

ரெனே,

மூன்று நாளாகப் போன் அடித்துப் பார்க்கிறேன். மணியே அடிக்காமல் நேராக அந்தப் பதிவுக் குரல் வருகிறது. என் எண்ணை முடக்கிவிட்டாயா, போனை ஏரியில் வீசிவிட்டாயா, தெரியவில்லை. அதனால்தான் கடிதம். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு நான் யாருக்கும் கையால் எழுதியதில்லை. கையெழுத்து இவ்வளவு கேவலமாகிவிட்டது எனக்கே இன்றைக்குத்தான் தெரிந்தது.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். எந்த இடத்தில் தப்பு செய்தேன் என்று நீ காட்டு. எனக்குத் தெரியவில்லை. என் புருஷனுக்கும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஜோயல் கையில் பம்ப்போடு வாய் பிளந்து நின்றானே, இன்னும் கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கிறான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீ ஹெரன் ஏரி முகாமுக்கு வந்து சேர்ந்தாய். உன் கேரவனைப் பின்னால் எடுக்க நான்தான் கை காட்டினேன். நிறுத்திச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைத்துக்கொண்டிருக்கும்போது நீ கேட்டாய்: "ட்ரினா, உங்க வீட்டுப் பக்கவாட்டுல, கராஜ் ஓரமா அந்த எடம் சும்மாத்தானே கெடக்கு? குளிர் முடியற வரைக்கும் கேரவன அங்க போட்டுக்கட்டுமா?"

நான் ஒரு நொடி யோசித்தேனா? "இதெல்லாம் கேக்கணுமாடி? ஏப்ரல் வரைக்கும் கெடக்கட்டும்" என்றேன். நீ என்னைக் கட்டிப்பிடித்து அழுதாய். கேரவன் நிறுத்த இடம் கொடுத்ததற்கு யார் அழுவார்கள்? வழியிலேயே இரண்டு பீர் போட்டுவிட்டாய் போல என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை நன்றாகத்தான் போயிற்று. பூசணிக்காய் செதுக்கினோம். லைல் மான் கொம்பு மாட்டிக்கொண்டு முகாம் முழுக்கச் சுற்றி வந்தான். அவன் பெண்டாட்டி மார்சி, "கொம்பு இருக்கு, மூளைதான் இல்ல" என்றதற்கு நீ இருமும் வரை சிரித்தாய். சாயங்காலம் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்தோம், கதை பேசினோம். சீக்கிரமே படுக்கப் போனது நீதான்.

ஞாயிற்றுக்கிழமை. மதியம் முகாமில் தண்ணீரை அடைத்துவிடுவார்கள், அதற்குள் எல்லா வண்டியையும் குளிருக்குத் தயார் செய்ய வேண்டும். பதினோரு வருஷமாக அப்படித்தானே செய்கிறோம்? ஒரு வண்டி விடாமல் எல்லோருமாகச் சேர்ந்து. எங்களுடையது முடிந்தது, லைலுடையது முடிந்தது. நீ எரிவாயு உருளை நிரப்பக் கிளம்பினாய், இரண்டு உருளையையும். லைல்கூடக் கேட்டான், "ஏம்மா, சீசன் முடியற அன்னிக்கு யாராவது கேஸ் ரொப்புவாங்களா? கரடிக்கு விருந்து வைக்கப் போறியா?" நீ உருளைகளை ஏற்றிக்கொண்டு போனாய்.

நீ வருவதற்குள் முடித்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். போன வருஷம் மட்டும் நாங்கள் சீக்கிரம் கிளம்பிவிட்டதால் உன் அப்பாவின் வண்டியோடு தனியாளாக மல்லுக்கட்டினாயே என்றுதான். தொட்டியைக் காலி செய்தோம். வெந்நீர்க் கொதிகலனைத் திறந்துவிட்டோம். குழாய்களில் காற்றடித்தோம். பிறகு குழாய் உறைந்து வெடிக்காமலிருக்க ஊற்றும் ரோஸ் தண்ணியை ஏற்றினோம். உன் சமையலறைக் குழாயில் ரோஸ் கலர் வந்ததும் வழக்கம்போலக் கைதட்டினோம். உனக்குக் காட்ட ஒரு காகிதக் கோப்பையில் பிடித்துவைத்தேன். உன் பிரிட்ஜைக் காலி செய்து கடைசிநாள் காலை உணவில் சேர்த்தோம். எல்லோருடைய பிரிட்ஜையும்தான் காலி செய்தோம். உன் பன்னிரண்டு முட்டையையும் லைல் ஒரே சட்டியில் உடைத்து ஊற்றினான். பேட்டரியைக் கழற்றி ஜோயல் எங்கள் டிரக்கில் வைத்தான். எங்கள் கராஜில் இருந்தால் உறையாது.

நீ வந்தாய். வாசலில் நின்றபடி, "யாரு உள்ள போனது?" என்றாய். பிரிட்ஜைத் திறந்தாய். "என் முட்ட எங்க?" என்றாய். லைல் சட்டியைத் தூக்கிக் காட்டினான். அவ்வளவுதான். கேரவனைக் கொக்கியில் மாட்டினாய், நாயை ஏற்றினாய், படியைக்கூட மடக்காமல் கிளம்பினாய். வாசலில் வரிசையாக வைத்திருந்த பூசணிகளில் ஐந்து நசுங்கின. எங்கள் வீட்டுக்குத்தான் போகிறாய் என்று நினைத்தோம். வந்து பார்த்தால் அங்கேயும் இல்லை.

முட்டைக்காகவா, ரெனே?

ட்ரினா

பி.கு. உன் பேட்டரி சார்ஜில் இருக்கிறது. ஜோயல் அதன்மேல் காகித டேப் ஒட்டி "ரெனே - ஏப்ரல்" என்று எழுதி வைத்திருக்கிறான்.


அக்டோபர் 26, வியாழக்கிழமை

ட்ரினா,

ஆமாம். முட்டைக்காகத்தான்.

உன் கடிதம் ஆல்டர் தெருவுக்குப் போய், முகவரி மாற்றிய மஞ்சள் சீட்டு ஒட்டிக்கொண்டு இந்த ஊர்த் தபால் நிலையத்துக்கு வந்தது. எனக்கு வீட்டு முகவரி இல்லை. இங்கே ஜன்னலில் அடையாள அட்டையைக் காட்டி வாங்கிக்கொள்ள வேண்டும். ஆல்டர் தெரு வீட்டை மே மாதம் விற்றுவிட்டார்கள். வாங்கியவர்கள் வாடகையைக் கிட்டத்தட்ட இரண்டு மடங்காக்கினார்கள். பிப்ரவரியில் நம் தொழிற்சாலையின் நாற்காலி லைனை மெக்ஸிகோவுக்கு மாற்றினார்களே, அன்றிலிருந்து எனக்கு ஒழுங்கான வேலை இல்லை. நீ அதற்குள் அட்டவணை போடும் மேஜைக்குப் போய்விட்டிருந்தாய். பிழைத்துக்கொண்டாய். அதைக் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

மே மாதத்திலிருந்து நான் அப்பாவின் கேரவனில் குடியிருக்கிறேன். குடியிருக்கிறேன், ட்ரினா. முகாம் போடவில்லை. அரசாங்கக் காட்டு முகாம்களில் பதினைந்து நாளுக்கு மேல் ஒரே இடத்தில் இருக்கக்கூடாது. பதினாறாம் நாள் கிளம்பி இன்னொரு காட்டுக்குப் போவேன். நாயும் நானும் இந்தக் கோடையில் பத்துக் காடு பார்த்துவிட்டோம். போனுக்குப் பணம் கட்டாததால் அது இப்போது கடிகாரம் மட்டும்தான். உன்னை முடக்கவில்லை.

அந்தப் பன்னிரண்டு முட்டை அந்த வாரத்துக்கு என் சாப்பாடு. அந்தத் தண்ணீர் நான் குடிக்கும் தண்ணீர். அந்தப் பேட்டரிதான் என் ஹீட்டரின் காற்றாடியைச் சுழற்றுவது. எரிவாயு உருளை இரண்டையும் ஏன் நிரப்பினேன் என்று லைலிடம் இப்போது சொல். கரடி நான்தான்.

அன்றைக்கு ஒரு கடையின் வண்டி நிறுத்துமிடத்தில் போய் நின்றேன். ஹீட்டரைத் திருப்பினால் மூச்சே இல்லை. பேட்டரிப் பெட்டியைத் திறந்து பார்த்தேன், இரண்டு வயர் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. உருளை நிறைய எரிவாயு, ஹீட்டர் எரியவில்லை. விடியும்போது நாயின் தண்ணீர்க் கிண்ணத்தில் மேலே ஒரு ஏடு பனி கட்டியிருந்தது. குழாயைத் திறந்தேன். ரோஸ் கலர் வந்தது. கைதட்ட யாரும் இல்லை.

இப்போது ஹ்யூரான் ஏரிப் பக்கம் சர்க்கரை எடுக்கிற பீட்கிழங்கு அறுவடையில் இருக்கிறேன். லாரி லாரியாக வருகிறது, மலை மலையாகக் கொட்டுகிறார்கள். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், சேறு சுரண்டுகிற வேலை. ஆலையே கேரவன் நிறுத்த இடமும் மின்சாரமும் தருகிறது. ஐம்பது வண்டி நிற்கிறது. பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். பக்கத்து வண்டியில் ஓபல் என்று ஒருத்தி. வந்த அன்றைக்கே, "இது உனக்கு எத்தனாவது குளிர் கண்ணு? எனக்கு ஒம்பதாவது. ஒரு மெடல்கூட குடுக்கல பாரு" என்றாள். முப்பது வருஷம் மருத்துவமனையில் துணி துவைத்தவள்.

இனி என் பங்குக்கு நான் கேட்கிறேன். நீ நடந்ததையெல்லாம் வரிசையாக எழுதினாய். சனிக்கிழமை சாயங்காலத்துக்கு ஒரே வரி: "கதை பேசினோம்." என்ன கதை, ட்ரினா?

உங்கள் தெருக்கோடியில் புரூயிட் என்பவர் வீட்டு வாசலில் அவருடைய மச்சான் கேரவனில் குடியிருந்த கதை. அவன் காலையில் வாளியைத் தூக்கிக்கொண்டு நடப்பதை எழுந்து நின்று நடித்துக் காட்டினாய். குடியிருப்போர் சங்கத்துக்கு மனு போனதாகவும் நீ கையெழுத்துப் போட்டதாகவும் சொன்னாய். "ஜனவரியில கெளப்பி விட்டோம், தெருவே இப்பத்தான் தெரு மாதிரி இருக்கு" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள்.

வெள்ளிக்கிழமை எனக்கு இடம் தருகிறேன் என்றாய். சனிக்கிழமை இந்தக் கதை. ஞாயிற்றுக்கிழமை என் வீட்டின் தண்ணீர், சூடு, சாப்பாடு மூன்றையும் கழற்றி எடுத்துவிட்டுக் கைதட்டினாய். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு பதில் மாதிரி இருக்கிறது. "வரலாம், ஆனால் வராதே" என்கிற மாதிரி. அப்படியா? இல்லை, நீ ஒன்றும் தெரியாமல்தான் செய்தாயா? பத்து நாளாகக் கிழங்குக் குவியல்மேல் நின்று இதையேதான் யோசிக்கிறேன். ஒரு லாரிக்கு ஒரு முடிவு வருகிறது, அடுத்த லாரிக்கு மாறிவிடுகிறது.

ரெனே


அக்டோபர் 30, திங்கட்கிழமை

ரெனே, ரெனே,

உன் கடிதத்தைக் கராஜில் நின்றபடி படித்தேன். உட்காரத் தோன்றவில்லை.

எனக்கு எப்படித் தெரியும்? சொல். எனக்கு எப்படித் தெரியும்? ஜூலையில் உன் பிறந்தநாளுக்குப் போன் செய்தேன். "வீட்ல என்ன பண்ற?" என்றேன். "துணி மடிக்கிறேன்" என்றாய். ஐந்து மாதம் என்னிடம் பொய் சொல்லியிருக்கிறாய். எட்டு வருஷம் ஒரே லைனில் எதிரெதிரே நின்று நாற்காலிக்குக் கை மாட்டியவர்கள் நாம். நீ இடது கை, நான் வலது கை. உன் அப்பா செத்தபோது யார் பக்கத்தில் இருந்தது? அந்த எனக்கே சொல்லவில்லை. இப்போது வந்து, தெரிந்து செய்தாயா என்று கேட்கிறாய். இது என்ன நியாயம்?

அந்தக் கதைக்கு நீயும்தானே சிரித்தாய்? இன்னும் என் காதில் இருக்கிறது. "வாளியைத் தூக்கிட்டு இன்னொரு தடவை நடந்து காட்டு" என்று கேட்டது நீ. நான் இன்னொரு தடவை நடந்து காட்டினேன். உனக்குப் பிடித்திருக்கிறது என்று நினைத்துத்தான்.

மனு என்றால் நான் ஒன்றும் எழுதவில்லை. ஒருவர் அட்டையில் தாளைச் சொருகிக்கொண்டு வீடு வீடாக வந்தார். எல்லோரும் போட்டிருந்தார்கள், நானும் போட்டேன். அந்த ஆளின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

சரி, அது போகட்டும். இப்போது என்ன செய்வது என்று பார்ப்போம். நான் சும்மா இருக்கவில்லை. எங்கள் கீழ்த்தளத்து அறை காலியாக இருக்கிறது. வந்து தங்கு. கர்லியைத்தான் உள்ளே விட முடியாது, நாய் முடி ஜோயலுக்கு ஒத்துக்கொள்ளாது, உனக்கே தெரியும். லைல் வீட்டில் விடலாம், மார்சி சரி என்றாள். (மார்சியிடமும் லைலிடமும் சொல்லிவிட்டேன். சொல்லாமல் எப்படி? எல்லோரும் உனக்கு என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.)

உன் கேரவனையும் கொண்டு வா. சங்கத்தின் விதிகளை எடுத்துப் படித்தேன், பதினான்காவது விதி. நவம்பர் முதல் ஏப்ரல் வரை பக்கவாட்டில் கேரவன் நிறுத்தலாம், தடையே இல்லை. உறை போட வேண்டும், குழாய்கள் காலியாக இருக்க வேண்டும், உள்ளே ஆள் இருக்கக்கூடாது. பார், நீ உள்ளே இல்லாவிட்டால் ஒரு பிரச்சினையும் இல்லை.

பதில் போடு. தபால் நிலைய ஜன்னலில் நீ அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நிற்பது கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. எனக்குத் தாங்கவில்லை.

ட்ரினா


நவம்பர் 3, வெள்ளிக்கிழமை

ட்ரினா,

நான் உள்ளே இல்லாவிட்டால் ஒரு பிரச்சினையும் இல்லை. நீ எழுதியதுதான். திரும்பப் படித்துப் பார்த்தாயா, அப்படியே உறையில் போட்டு ஒட்டிவிட்டாயா?

இதைப் படித்துக் காட்டியதும் ஓபல் சிரித்த சிரிப்பில் அவள் பல்செட் கழன்றுவிட்டது. "காலியா இருந்தா அது வண்டி, ஆளு இருந்தா அது குத்தம்" என்றாள். என் வண்டியும் உன் வண்டியும் ஒரே மாதிரிதான், ட்ரினா. அதே இரண்டு அடுப்பு, அதே குறுகின கழிப்பறை. நீ வருஷத்தில் பத்து நாள் அதில் தூங்கினால் அது விடுமுறை. நான் முந்நூறு நாள் தூங்கினால் மனு வருகிறது. இங்கே இருக்கிற ஐம்பது வண்டியும் இல்லாவிட்டால் உங்கள் காப்பிக்குச் சர்க்கரை வராது. ஆனால் அந்த ஐம்பதில் ஒன்றுகூட உங்கள் தெருவில் நிற்கக்கூடாது.

மார்சியின் பெட்டி நேற்று வந்தது. ஒரு போர்வை, ஒரு பை பிஸ்கட், "கடவுள் உன்னைக் காண்கிறார்" என்று ஒரு அட்டை. காணட்டும். தபால்காரிகூடக் கண்டுவிட்டாள். எல்லோரிடமும் சொல்லிவிட்டாய். என் வாயால் சொல்ல எனக்கு ஐந்து மாதம் ஆகியும் முடியவில்லை, உனக்கு ஒரு மத்தியானம் போதுமாயிருந்தது. போர்வை நல்ல போர்வை. போர்த்திக்கொண்டிருக்கிறேன். அதுவும் எரிச்சலாக இருக்கிறது.

கீழ்த்தளத்து அறை வேண்டாம். என் நாயை ஒரு வீட்டிலும் என்னை ஒரு வீட்டிலும் என் வீட்டை வெளியிலும் வைக்கப் பார்க்கிறாய். கர்லிக்குப் பதினான்கு வயது. என்னை விட்டு ஒரு ராத்திரி இருந்ததில்லை. விருந்தாளியாக எத்தனை நாள் இருப்பது? ஒரு வாரம் போனால் நான் எழுந்துவிட்டேனா என்று ஜோயல் மாடிப்படியில் நின்று காது கொடுப்பான். நான் கேட்டது உன் வீட்டை இல்லை. என் கதவுக்குள் நான் இருக்க, பதினைந்து நாளில் யாரும் கிளப்பாத ஒரு துண்டுத் தரை. வெள்ளிக்கிழமை நீ தருகிறேன் என்றபோது அதைத்தான் தருகிறாய் என்று நினைத்து அழுதேன்.

நான் ஏன் உள்ளே இருப்பேன் என்று அப்போதே சொல்லவில்லை? சொல்ல வாய் எடுத்தேன். நீ அதற்குள் ஆம் என்றுவிட்டாய். இவ்வளவு சுலபமா என்று ஆகிவிட்டது. மேற்கொண்டு பேசினால் கெட்டுவிடும் என்று விட்டேன். அது என் தப்பு. சிரித்ததும் என் தப்புதான். ஏன் இன்னொரு தடவை நடக்கச் சொன்னேன் என்று எனக்குத் தெரியவில்லை. எல்லோரும் சிரிக்கும்போது நான் மட்டும் சும்மா இருந்தால் கண்டுபிடித்துவிடுவீர்கள் என்று பயந்தேன் போலிருக்கிறது. வாளி தூக்குவதை நீ தப்பாக நடித்தாய், அது வேறு. நிறைந்த வாளியை அப்படித் தூக்க முடியாது. எனக்குத் தெரியும்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். இதற்கு மட்டும் உண்மையைச் சொல்.

என் சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்துக் கரண்டி டிராயர். வெளியே போகும்போது அதை ஒரு விரல் அளவு திறந்தே வைப்பேன். முழுக்க மூடினால் சிக்கிக்கொள்ளும், அப்பா காலத்துக் கோளாறு. அன்றைக்கு நான் கடைக்குப் போனபோது ஒரு விரல் திறந்திருந்தது. அந்த நிறுத்துமிடத்தில் டார்ச் எடுக்கப் போனால் முழுக்க மூடிச் சிக்கியிருந்தது. கத்தியால் நெம்பித்தான் திறந்தேன். தண்ணீர் இறைக்க யாரும் அந்த டிராயரைத் திறக்க வேண்டியதில்லை. அதில் கரண்டி இல்லை, டார்ச்சும் காகிதங்களும்தான். என் பிறப்புச் சான்றிதழ், வரிக் காகிதம், அப்பாவின் இறப்புச் சான்றிதழ், கர்லியின் தடுப்பூசிச் சீட்டு, வீட்டைக் காலி செய்யச் சொன்ன நோட்டீஸ். நோட்டீஸ்தான் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது.

யார் மூடியது?

இங்கே பன்னிரண்டாம் தேதி மின்சாரத்தை நிறுத்துகிறார்கள். கிழங்கு முடிந்தது, எங்கள் வேலையும் முடிந்தது. அதற்குள் பேட்டரி வேண்டும். லைலிடம் கொடுத்து அனுப்பாதே.

ரெனே


நவம்பர் 6, திங்கட்கிழமை

ரெனே,

நான்தான்.

இந்தக் கடிதத்தை ஆறு தடவை ஆரம்பித்தேன். ஐந்தில் "கரண்டி தேடித்தான் திறந்தேன்" என்று தொடங்கியிருந்தேன். அது உண்மைதான், கரண்டிதான் தேடினேன். கோப்பையில் பிடிக்கப்போகிற ரோஸ் தண்ணியைக் கலக்கிக் காட்டி உன்னைச் சிரிக்கவைக்கலாம் என்று. டிராயரை இழுத்தேன். மேலே நோட்டீஸ். ஆல்டர் தெரு என்று பார்த்தேன். தேதியைப் பார்த்தேனா என்று நினைவில்லை. அதற்குக் கீழே கட்டாக ரப்பர் வளையம் போட்ட காகிதங்கள். முகாமுக்கு வருகிறவள் யாராவது பிறப்புச் சான்றிதழைக் கொண்டுவருவாளா? அலமாரிக் கதவும் லேசாகத் திறந்திருந்தது. உன் பெரிய குளிர்கோட்டு, நாம் லைனில் போட்ட கறுப்புப் பூட்ஸ், உன் அப்பா படம். படத்தைச் சுவரில் திருகாணி போட்டு முடுக்கியிருந்தாய்.

மூடினேன். இறுக்கி மூடினேன். ஜோயல் வெளியிலிருந்து, "என்ன, பம்ப்பப் போடட்டுமா?" என்றான். "போடு" என்றேன்.

உனக்குத் தெரிய வேண்டியது இதுதான்: அந்த நொடியில் எனக்குத் தெரியுமா, தெரியாதா? மூன்று வாரமாகத் தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். "எனக்கு எப்படித் தெரியும்" என்று போன கடிதத்தில் இரண்டு தடவை எழுதியபோதுகூடப் பொய் சொல்கிறோம் என்று தோன்றவில்லை. இப்போது யோசித்தால், தெரிந்துவிடுமோ என்று பயந்து டிராயரை மூடியிருக்கிறேன். தெரியாதவள் எதற்குப் பயப்பட வேண்டும்? தெரிந்தவள் எப்படிப் "போடு" என்பாள்? எனக்கு இது விளங்கவில்லை ரெனே. தெரிந்து செய்தேன் என்று எழுதினாலும் முழு உண்மை இல்லை, தெரியாமல் செய்தேன் என்றாலும் இல்லை. உன் லாரி மாதிரிதான் எனக்கும் வந்து வந்து போகிறது. முந்தின சாயங்காலம்தான் அந்த வாளிக் கதையைச் சொல்லியிருந்தேன். நீ வண்டியில் குடியிருப்பது எனக்குத் தெரிந்துவிட்டால், அப்புறம் நான் யார் என்று பார்க்க வேண்டியிருக்கும். அதனால் மூடினேனோ என்னவோ.

பேட்டரியைச் சனிக்கிழமை, பதினோராம் தேதி, நானே கொண்டுவருகிறேன். லைல் இல்லை, ஜோயல் இல்லை. நான் மட்டும்.

ஜோயலோடு சண்டை. ஜோயல் சொன்னது: "அவ நல்லவதான், யாரு இல்லேன்னா? நாளைக்குச் சங்கத்துலேருந்து நோட்டீஸ் வந்தா யாரு பதில் சொல்றது? நீ கையெழுத்துப் போட்ட தாளையே நம்ம கதவுல ஒட்டுவாங்க." ஒட்டட்டும் என்றேன். இரண்டு நாளாகப் பேச்சில்லை. ஆனால் நேற்று அவன் பக்கவாட்டுக்குப் போய், வெளிச்சுவரில் இருக்கிற மின்சாரப் பெட்டியைத் திறந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். ஏன் என்று கேட்கவில்லை. அவன் மனசில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

இடம் அங்கேயே இருக்கிறது. இலைகளை வாரிவிட்டேன். நீ உள்ளே இருக்க வா. கர்லியோடு வா. சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன்: எங்கள் பக்கவாட்டில் பன்னிரண்டாம் தேதி முதல் ரெனே குபியாக் குடியிருக்கிறாள், ஒளித்து வைக்கவில்லை, போன வருஷம் போட்ட கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று. போடவில்லை, மேஜைமேல் கிடக்கிறது. உன்னைக் கேட்காமல் உன் விஷயத்தில் இனி ஒரு தபால்தலைகூட ஒட்டமாட்டேன். எச்சரிக்கை வந்து முப்பது நாள் கெடு கொடுப்பார்கள். முறையீடு செய்தால் இன்னொரு முப்பது. அதற்கு மேல் எனக்கு வழி தெரியவில்லை. ஜனவரியில் முடிந்துவிடும். ஜனவரி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். புரூயிட்டின் மச்சானும் ஜனவரியில்தான் போனான். அவன் பெயர் கிளின்ட். நேற்று புரூயிட் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டேன். எங்கே இருக்கிறான் என்று அவருக்கும் தெரியாதாம். கதவை முழுக்கத் திறக்காமலே சொன்னார்.

"ரெனே - ஏப்ரல்" என்ற டேப்பை உரிக்கப் போனேன். பாதி உரிந்தது, ஏப்ரல் மட்டும் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது.

ட்ரினா


நவம்பர் 8, புதன்கிழமை

ட்ரினா,

கடிதம் இன்றைக்கு வந்தது. மத்தியானத்துக்குள் போட்டால் வெள்ளிக்கிழமை உனக்குக் கிடைக்கும் என்று தபால்காரி சொன்னாள். அதனால் சுருக்கமாக.

நான்தான் என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததும் கோபம் தலைக்கேறும் என்று நினைத்தேன். ஏறவில்லை. ஒருவேளை சனிக்கிழமை ஏறலாம். முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். மன்னித்துவிட்டாயா என்று மட்டும் கேட்காதே. நானே கேட்டுப் பார்த்துவிட்டேன், பதில் இல்லை.

சங்கத்துக்கு எழுதியதைப் போடாதே. கொண்டு வா. என் பெயர் அதில் இருக்கிறது, நான் படித்துவிட்டுச் சொல்கிறேன். கிளின்ட் பெயரும் அதில் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

உன் பக்கவாட்டுக்கு வருவேனா என்று தெரியவில்லை. ஓபல் தெற்கே போகிறாள், கூட வா என்கிறாள். ஒன்பது குளிர் பார்த்தவளோடு போவதா, ஜனவரிவரைக்கும் மட்டும் வழி தெரிந்தவளோடு போவதா? இன்றைக்குக் காலையில் ஒரு முடிவு, இதை எழுதும்போது வேறு. பேட்டரி வந்தால் எந்தப் பக்கம் போனாலும் ஹீட்டர் எரியும். முதலில் அது வரட்டும்.

குழாயில் இன்னும் லேசாக ரோஸ் கலர் இருக்கிறது. காப்பியில் தெரிவதில்லை, வெறும் தண்ணீரில் தெரிகிறது. வரும்போது குடிதண்ணீர் ஒரு கேன். முட்டை பன்னிரண்டு.

வரிசையில் கடைசி வண்டி, உனக்குத் தெரிந்த வண்டிதான். கர்லி குரைக்கமாட்டாள், உன்னைத் தெரியும். அதனால் நேராக உள்ளே வந்துவிடாதே. தட்டு. கதவு திறந்திருந்தாலும் தட்டு.

ரெனே